நல்

சத்துவாச்சாரியில் டயர் கடைக்கு மேல்மாடி.
மார்ச் மாதமே மே மாதத்திடம் வெயில் கடன் வாங்கியிருந்தது.
ஏசியின் வேலை சத்தம் போடுவது மட்டும்.
இரவு பதினொன்றுக்கு
ஜாவாவின் புது வெர்ஷன் வந்த செய்தியை
நாற்காலியோடு உருண்டு வந்து சொன்னான் தப்ரேஸ்,
அக்காவுக்குக் குழந்தை பிறந்ததைச் சொல்வதுபோல.

இறக்கினோம். எடிட்டரைத் திறந்தால்
என் பழைய வரிகளில் பாதிக்கு நடுவே கோடு.
ஓடும், ஆனால் இனிமேல் கூப்பிடாதே என்று அர்த்தம்.
பத்திரிகையில் பெயர் இருக்கும்
பந்திக்கு யாரும் அழைக்கமாட்டார்கள்.

கோட்டுக்குக் கீழே ஒரு வரி.
இதை யார் எழுதியது என்று கேட்டேன்.
அந்தக் கருவிக்கு முகதாட்சண்யம் கிடையாது.
சுகிர்தா என்றது. தேதி சொன்னது.
இரவு 2.14 என்றது.

அந்த 2.14 நினைவிருக்கிறது.
பேரணாம்பட்டிலிருந்து ஆம்பூருக்குத் தோல் ஏற்றிப் போகும் லாரிகளுக்கு
வழி சொல்லும் ப்ரோக்ராம்.
பாதை ஒரு கிளாஸ்.
அதன் வயிற்றில் பிறந்தவை நெடுஞ்சாலை, மண்சாலை, தரைப்பாலம்.
ஆறு இன்னொரு கிளாஸ்.
அதற்குள் பெயர், அகலம்,
நீர் என்று ஓர் இடம்.
அந்த இடத்தில் நல் என்று எழுதி
மடிக்கணினியை மூடிவிட்டுத் தூங்கப் போனேன்.

நல் என்றால் சுழியம் இல்லை,
சுழியமாவது ஒரு எண்.
பெயர்ப்பலகை தொங்குகிறது, பின்னால் வீடு இல்லை.
அதுதான் நல்.

வேறு என்ன எழுதியிருப்பேன்?
காட்பாடிக்கும் கண்டோன்மென்ட்டுக்கும் நடுவே
ரயில் பாலத்திலிருந்து குனிந்து
பாலாற்றில் ஆடுகிறவர்களிடம் ஸ்கோர் கேட்டு வளர்ந்தவள்.
எங்கள் ஊரில் இதைச் சொலவடையாகவே வைத்திருக்கிறார்கள்:
நீரில்லாத ஆறு, மரமில்லாத மலை,
ராஜா இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில்.
ஒரே மூச்சில் நாலு நல்.
சாமியை எண்பத்தொன்றிலேயே கொண்டுவந்து வைத்தாயிற்று.
சொலவடையைத்தான் யாரும் அப்டேட் செய்யவில்லை.

பிறகு ஒரு நவம்பர்.
அதிகாலை நாலே கால். போனில் முனிரத்தினம்.
"இன்னா மேடம், நேரா போன்னு காட்டுது.
பாலம் எங்க கீது? தண்ணிதான் போவுது."
அவர் குரலுக்குப் பின்னால் ஓர் இரைச்சல்.
என் ஊர் ஆற்றின் சத்தத்தை
முதல்முறை நான் கேட்டது போனில்.

லாரியைப் பின்னுக்கு எடுத்தார். அவ்வளவுதான் நடந்தது.
பதினொரு டன் ஈரத்தோல் ஆறு மணி நேரம் நாறியது.
நான் டீபக்கரோடு
ஒவ்வொரு வரியாகக் காலை வைத்து இறங்கினேன்.
நீர் நல் எனில், தாண்டு.
கம்பைலர் ஒரு வார்த்தை சொன்னதில்லை.
எக்செப்ஷன் இல்லை, சிவப்பு இல்லை.
ப்ரோக்ராம் சரியாகத்தான் ஓடியது,
ஆறுதான் தப்பாக ஓடியது.
நல்லையும் ஆற்றையும் சேர்த்து எழுதினால்
நல்லாறு என்று வரும்.
அப்படித்தான் படித்துக்கொண்டதோ என்னவோ.

அன்று அவசரத்துக்கு ஓர் ஒட்டுப் போட்டேன்.
அந்த ஒட்டின் மேல்தான் இப்போது கோடு.

"அழிச்சிடலாமா?" என்றான் தப்ரேஸ்.
குப்பை வண்டி தானாக வரும் மொழி இது,
ஆனால் யாராவது விரல் நீட்டிக்கொண்டிருக்கும் பொருளை
அது எடுத்துப் போகாது.
இரண்டு பழைய போன்கள் இன்னும் விரல் நீட்டிக்கொண்டிருந்தன.
முதலில் அவற்றை மாற்றினோம். பிறகு அழித்தோம்.
நீரை, இருக்கலாம் இல்லாமலும் போகலாம் என்கிற
பெட்டிக்குள் வைத்தேன்.
பெட்டியைத் திறக்கும் வேலை ஓட்டுநருக்கு:
தரைப்பாலம் வந்ததும் திரை கேட்கும்,
தண்ணீர் உண்டா? ஆம். இல்லை.
சோதனைகள் எல்லாம் பச்சை. டீ குடித்தோம்.

ஆகஸ்டில் மலைப்பக்கம் நல்ல மழை.
திரை கேட்டது. பதில் வரவில்லை.
போன் வந்தது.

"கணுக்கால் வரைக்கும் கீது மேடம்.
எத அமுக்க?"