அடிப்பிடித்தது

அதிகாலை நாலேகால், மதுரைச் சந்திப்பு.
ஐந்தாம் நடைமேடையில் பதினோரு பையன்கள் இறங்கினார்கள்.
கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டேன்,
பார்சல் வாங்குவதுபோல.
வேறெப்படி வாங்குவதென்று சுற்றறிக்கையில் இல்லை.

ஒன்பதாவது ஆள் ஒச்சுராஜ்.
எழுமலைப் பக்கம். வயது பன்னிரண்டு.
நாலாங்கிளாஸ் பாதியில்
முப்பதாயிரம் அட்வான்சுக்குப் போனவன்.
நாக்பூர் தாண்டி ஒரு தகரக் கொட்டகை,
விடியுமுன் மாவு பிசைந்து
நடுராத்திரி வரை முறுக்குப் பிழிந்திருக்கிறான்.
முழங்கைக்குக் கீழே எண்ணெய் தெறித்த புள்ளிகள்.
அங்க அடையாளங்கள் எழுத
படிவத்தில் இரண்டு வரிதான் விட்டிருந்தார்கள்.

போன் பண்ணினது யாரு?
'நாந்தேன் டீச்சர்.'
(நான் டீச்சர் இல்லை. ஒப்பந்தப் பணியாளர்.
திருத்தவில்லை.)
நம்பர் எப்படித் தெரியும்?
பழைய பள்ளிக்கூடத்தில்
ஒண்ணுக்குப் போகிற வழிச் சுவரில்
நீலப் பெயிண்டில் எழுதியிருந்ததாம்.
'பத்து, ஒம்பது, எட்டு.
எறங்குவரிசை. எப்பிடி மறக்கும்?'

சரக்கேற்ற வந்த லாரிக்காரரின் போனை வாங்கி
அமுக்கியிருக்கிறான்.
அந்தப் பக்கம் இந்தியில் குரல் கேட்டதும்
நாக்கு எழவில்லை.
அடுப்பு இரைவதை மட்டும்
கொஞ்ச நேரம் கேட்கக் கொடுத்துவிட்டு வைத்துவிட்டான்.
அடுத்த வாரம் அதே லாரி, அதே போன்.
இருக்கிற ஊரின் பேர் தெரியாது.
எழுமலை, எழுமலை என்றானாம்,
யாரோ கையைப் பிடித்துத் திருகும்வரை.

உசிலம்பட்டி இ-சேவை மையத்தில்
எந்திரம் மூன்று தரம் சிவப்பாய் மினுக்கியது.
'கையத் தொடச்சிட்டு வைப்பா.'
துடைத்தான். பத்து விரலும் வைத்தான்.
ரேகை எடுபடவில்லை.
சூட்டு முறுக்கை எடுத்து எடுத்து
விரல் நுனிகள் வழவழவென்று ஆகியிருந்தன,
கழுவி வைத்த புளியங்கொட்டைபோல.

அவன் அம்மா தவமணி கேட்ட முதல் கேள்வி:
'அட்வான்ச யாரு கட்டுறது?'
கட்ட வேண்டாம், அந்தக் கடன் செல்லாதுன்னு
சட்டம் இருக்குக்கா என்றேன்.
'ஏசண்டு வர்றன்னிக்கு
அதையும் கூட்டிட்டு வாங்க' என்றாள்.
கோபமாகச் சொல்லவில்லை.
மகனின் சட்டைக் காலரை மடித்துவிட்டபடியே சொன்னாள்.

நடுநிலைப் பள்ளியில்
வயதுப்படி ஏழாம் வகுப்பு என்றார் தலைமையாசிரியர்,
பாடம் பிந்தியதற்குத் தனிப்பயிற்சி உண்டு.
ஒச்சுராஜ் விரல்விட்டான்:
'பத்து, ஒம்பது, எட்டு... இப்ப ஏழா?'
சிரித்தான். மேல் பல் ஒன்று பாதி உடைந்திருந்தது.
அதையும் படிவத்தில் எழுத மறந்திருக்கிறேன்.
'இ' எழுதச் சொன்னார்கள்.
நடுவில் தொடங்கிச் சுற்றினான்,
எங்கே நிறுத்துவதென்று தெரியாமல்
பலகை ஓரம்வரை போய்விட்டது.

மறுநாள் எட்டேகாலுக்கு நானும் போயிருந்தேன்.
புதன்கிழமை. பொங்கல், சாம்பார்.
காலை உணவு ஒன்றிலிருந்து ஐந்து வரை.
ஏழுக்கு இல்லை.
அவன் அந்த ஒன்றிலிருந்து ஐந்தில்
பாதியைக் கொட்டகையில் விட்டுவந்தவன் என்று
எந்த அலுவலகத்துக்கு எழுதுவது,
மனதுக்குள் வாசகம் கோத்துக்கொண்டிருந்தேன்.

அவன் தட்டுகளைப் பார்க்கவில்லை.
சமையல்கூட வாசலில் நின்று
அடுப்பைப் பார்த்தான்.
'தீ சாஸ்தி. அடிப்பிடிக்கும்.'
மொக்கத்தாய் அவசரமாய்க் கரண்டி விட்டாள்.
பிடித்துத்தான் இருந்தது.

பட்டியல்படி நாற்பத்தியொரு தட்டும் போனபின்
சட்டியைச் சாய்த்துச் சுரண்டினாள்.
ஒரு தட்டு நிறைய வந்தது.
என் கையிலிருந்த கோப்பை ஒருமுறை பார்த்துவிட்டு
'அடிப்பிடிச்சது கணக்குல வராது' என்றாள்
எனக்குக் கேட்கும்படி.

சுவரில் முதுகை ஒட்டி
வாசல் தெரிகிற மாதிரி உட்கார்ந்து தின்றான்.
மீதிப் பத்துப் பேரின் ஊர்களுக்கு
எந்தெந்தப் பேருந்து என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.
'பொகை வாசம் அடிக்குது டீச்சர்,'
விரலை நக்கிக்கொண்டே சொன்னான்.
'ஆனா திங்கலாம்.'