கலங்கல்

தலை வலிக்குதும்மா என்றான்.
ராத்திரியெல்லாம் செல்லை நோண்டினால்
வலிக்காமல் என்ன செய்யும் என்றேன்.

வல்லம் ஐந்தரைக்குக் கிளம்பிவிடும்.
பாசி பறிக்கிற விரல்களுக்கு
துணி சுற்றிக்கொண்டிருந்தேன்.
அவன் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டான்.
பதினாறு வயதில் எல்லாரும் சாத்துகிற கதவுதான்.

நடுப்பகலில் திரும்பி வந்து தொட்டால்
நெற்றி அனல்,
பாதம் ஐஸ்பாளம்.
ஏன் இப்படி என்று ஒரு கணம் தோன்றியது.
அந்த ஒரு கணத்தைத்தான்
இன்னும் கைக்குள் வைத்து உருட்டிக்கொண்டிருக்கிறேன்.

கடை மாத்திரை கொடுத்தேன், வாந்தி எடுத்தான்.
புரோட்டாக் கடைக்காரனைத் திட்டினேன்.
கெண்டைக்கால் கடுக்குது என்றான்.
கால்பந்தைத் திட்டினேன்.
லைட்டை அமத்து, கண் கூசுது என்றான்.
பரவாயில்லையே, கரண்டு பில் மிச்சம் என்று
சிரிக்கவும் செய்தேன்.
நம்புநாயகியிடம் வேண்டிப் பெற்ற பிள்ளை,
பேர் நம்புராஜன்.
அவன் சொன்னதில் ஒன்றைக்கூட
அன்றைக்கு நான் நம்பவில்லை.

சாயங்காலம் அவன் தங்கை
அவன் மடியில் எதையோ போட்டு, பாருண்ணே என்றாள்.
குனிய முடியவில்லை அவனுக்கு.
தாடை நெஞ்சுக்கு வரவில்லை.
பலகை திரும்புகிற மாதிரி
மொத்த உடம்பையும் திருப்பி
என்னைப் பார்த்து, டீச்சர் என்றான்.

நூற்றெட்டில் வந்த பையனுக்கு
மீசைகூடச் சரியாக முளைக்கவில்லை.
கண்ணாடி டம்ளர் இருக்கா என்று கேட்டான்.
தாகம் போல என்று தண்ணீர் மோந்தேன்.
காலி டம்ளரை வாங்கி
நம்புவின் உள்ளங்கையில் அழுத்தினான்.
சொறி பட்டது போலச் சின்னச் சின்னச் சிவப்பு.
இவன் கடலுக்கே இறங்கவில்லையே.
எத்தனை அழுத்தியும்
கண்ணாடிக்கு அடியில் மறையாமல் நின்றது.
நம்ம நிறத்துக்கு வயித்துல தெரியாதுக்கா,
உள்ளங்கை, உள்ளங்கால், இமைக்குள்ள பாக்கணும்.
சில பேருக்குப் புள்ளியே வராது,
வரட்டும்னு காத்திருந்தா அவ்வளவுதான்
என்றபடியே தூக்கினான்.

பாம்பன் பாலத்தின் ஒவ்வொரு இணைப்பிலும்
வண்டி ஒரு தடவை துள்ளியது.
கீழே படகு விளக்குகள்.
அதில் ஒன்றில் இவன் அப்பா
வலை இறக்கிக்கொண்டிருந்தார்.

ராமநாதபுரத்தில்
முதுகுத்தண்டில் ஊசி குத்தி எடுத்த நீரை
டாக்டரம்மா வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.
இது குடிதண்ணி மாதிரி தெளிஞ்சு இருக்கணும்மா,
மூளையைச் சுத்தியிருக்கிற உறையில கிருமி.
மேலே சொல்ல வேண்டாம் என்று கை காட்டினேன்.

கலங்கல் எனக்குத் தெரியும்.
இருபத்திரண்டு வருசமாக முங்குகிறேன்.
காற்று புரண்டால் அடிமண் கிளம்பும்,
நம் கை எங்கே போகிறதென்று
நமக்கே தெரியாது.
அன்றைக்கு எங்களில் ஒருத்தியும் இறங்க மாட்டாள்.
என் பிள்ளை காலையிலிருந்து
அதற்குள்ளேதான் கிடந்திருக்கிறான்.
நான் கரையில் நின்று
புரோட்டாவைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

வீட்டில் எல்லாருக்கும் மாத்திரை கொடுத்தார்கள்.
அவனோடு ஒரே பாட்டிலில் வாய் வைத்துக் குடித்த
மூன்று பையன்களையும் தேடிப் பிடித்துக் கொடுத்தார்கள்.
முன்கூட்டியே போடுகிற ஊசியும் உண்டாம்.
கேட்டிருந்தால் சொல்லியிருப்பார்கள்.
கேட்க எனக்குத் தெரிந்திருக்க வேண்டுமே.

பத்தொன்பதாம் நாள் வீடு வந்தான்.
இடது காது வரவில்லை.
இப்போது சாப்பாட்டுக்கு உட்கார்ந்தால்
அவனுக்கு வலப்பக்கம்தான் என் இடம்.

போன வாரம் பாசி எடை போடுகிற இடத்தில்
இருளாயி சொன்னாள்,
மகளுக்குக் காய்ச்சல், தலைவலியாம்,
பரீட்சைக்குப் பயந்து நடிக்கிறாளாம்.
மூட்டையைத் தட்டிலேயே விட்டுவிட்டு
அவளை இழுத்துக்கொண்டு நடந்தேன்.
தாடை நெஞ்சைத் தொட்டது.
ஜன்னலைத் திறந்தோம், கண் கூசவில்லை.
கை கால் கதகதப்பு.
வெறும் சளிதான், பார்த்தியா என்று சிரித்தாள்.
காலையில் தொட்டது
சாயங்காலம் தொடாமல் போகும் என்றேன்.

எடைக்காசு அன்றைக்குப் போயிற்று.
இருட்டுவதற்குள்
இன்னும் நாலு தடவை போய்
அந்தப் பிள்ளையின் பாதத்தைத் தொட்டுப் பார்த்தேன்.