ஆயிரத்து அறுநூற்று நாற்பது

பேனா போலிருக்கும் அதை
எங்கள் போர் தண்ணீரில் முக்கினேன்.
1640 என்றது,
பெருங்குடியில் அட்வான்ஸ் எவ்வளவு என்றால்
தரகர் சொல்வாரே, அந்த அலட்சியத்தில்.

கண்ணாடி கழுவுகிறவனுக்கு
உப்பு நாக்கில் தெரிவதில்லை.
மூன்று மணி மேற்கு வெயிலில் காய்ந்த பிறகு
நாலாவது மாடியில் தெரியும்,
தேமல் தேமலாக.
மேனேஜர் கீழே நின்று போட்டோ எடுத்து அனுப்புவார்.
மறுபடி ஏறு.

ஏலச்சீட்டைத் தள்ளி எடுத்தோம்.
நாற்பத்தைந்து அடிக் கம்பு, நுனியில் பிரஷ்,
ரிச்சித் தெருவில் ஒரு பூஸ்டர் பம்ப்,
நீல டிரம் இரண்டு.
கயிற்றை மடித்துப் பரணில் போட்டாள் அமுலு.
போட்டவள் ஏணியையும் எடுத்து வெளியே வைத்தாள்.

குளியலறைச் சுவரில் இப்போது
துண்டு மாட்ட இடமில்லை.
மண்ணுக்கு ஒரு குடுவை, வாடைக்குக் கரி,
நடுவில் மெம்பரேன்,
கடைசியில் ரெசின்: கடுகைவிடப் பொடி, தேன் நிறம்.
'செத்துச்சுன்னா மீன் வாடை வரும், கவனிச்சுக்கோ'
என்றார் கடைக்காரர்.
நட்டுக்கு டேப் சுற்றும்போது
வலமா இடமா எனக்குக் குழப்பம்.
'மூடி திருகுற பக்கமே சுத்து, இதுல என்ன'
என்றாள் அமுலு, அரிசி களைந்துகொண்டே.

இரவெல்லாம் பம்ப் உறுமியது.
நாலு குடம் உள்ளே போனால்
ஒரு குடம் தேறும்.
மிச்ச மூன்று குடம் 2180.
அதில் கக்கூஸ் கழுவினோம், வாசல் கழுவினோம்,
பக்கத்து வீட்டு ஆட்டோவை
அவர் கேட்காமலே கழுவினோம்.
அப்படியும் தீரவில்லை.
'போரு யார் வூட்டு சொத்துப்பா?'
என்று வந்தார் தணிகாசலம்.
மாசம் முந்நூறு கூட என்று முடிந்தது.

பேனா பற்றிய செய்தி பரவிவிட்டது.
தம்ளர்களோடு வந்தார்கள்.
ஜான்சியின் கேன் தண்ணீர் 48.
பாத்திமுத்துவின் லாரித் தண்ணீர் 390.
எதிர் வீட்டுப் பையன் மீந்த ரசத்தை நீட்டினான்,
பேனா பதில் சொல்ல மறுத்துவிட்டது.
தணிகாசலம் எல்லாரும் போன பிறகு வந்தார்,
சொம்பைக் கையால் மூடிக்கொண்டு.
அதே 1640.
சொந்தக்காரருக்கு வேறு எண் இருக்கும் என்று
நினைத்திருப்பார் போல.

விடியற்காலை ரெசினுக்குப் பின்னாலிருந்து
முதல் தம்ளர்: 000.
அமுலு ஒரு வாய் குடித்தாள்.
வாயிலேயே வைத்திருந்து விழுங்கினாள்.
'ஒண்ணுமே இல்லையே.'
'அதுக்குத்தாண்டி இவ்ளோ காசு.'

இப்போது துடைப்பது கிடையாது.
தேய்த்து, அலசி, விட்டுவிடவேண்டியதுதான்.
தானாக வடிந்து தானாகக் காயும்.
வானம் வந்து உட்கார்ந்துகொள்கிறது கண்ணாடியில்,
சிறுசேரிப் பக்கத்து மேகம் உட்பட.

ஒன்றுதான்.
கயிற்றில் தொங்கியபோது
உள்ளே இருந்தவர்களைத் தெரியும் எனக்கு:
டப்பாவின் மூடிக்கடியில் வைத்துச் சாப்பிடுகிறவர்,
யாருமில்லாதபோது செருப்பைக் கழற்றுகிறவள்,
ஒருமுறை எனக்குக் கை காட்டிய தாடிக்காரர்.
கீழிருந்து பார்த்தால்
பிரஷ்தான் தெரிகிறது.
அவர்களுக்கும் பிரஷ்தான்.
கழுத்து வலிக்கிறது, மாத்திரை போடுகிறேன்.
காற்றடிக்கிற நாளில்
போனைக் கையிலேயே வைத்திருந்த அமுலு
இப்போது மதியம் தூங்குகிறாளாம்.

மூன்றாம் ஞாயிறு, சாயங்காலம்.
கண்ணயர்ந்தவன் திடுக்கிட்டு எழுந்தேன்.
மீன் வாடை.
அதற்குள்ளாகவா? ரெசினின் விலை மார்பில் ஏறி உட்கார,
லுங்கியோடு குளியலறைக்கு ஓடினேன்.
குழாயைத் திறந்து பேனாவை முக்கினேன்.
000.
மறுபடி முக்கினேன்.
000.

ஜான்சி வீட்டில் சங்கரா வறுபடுகிறது.

கொஞ்ச நேரத்தில் தட்டு வந்தது,
மேலே வெங்காயம் வைத்து.
நின்றபடியே ஒரு துண்டைப் பிய்த்து
வாயில் போட்டேன்.
உப்பு சரியாக இருந்தது.