பூஜ்ய ரூபாய்ச் சீட்டு

மார்த்தாண்டம் மேம்பாலத்துக்குக் கீழே
எங்கள் கடையில் வெயில் விழுவதில்லை.
காலை ஒன்பதரைக்கே டியூப்லைட்.
குழாய், பெயிண்ட், பூட்டு, தண்ணீர்த் தொட்டி.
நான் பில் போடுகிறவள்.

விலைக்குக் கீழே இரண்டு வரி வரும்,
இரண்டு அர்த்தத்திலும்.
ஒன்பது சதவீதம். மறுபடி ஒன்பது.
ஒன்று டில்லிக்கு, ஒன்று சென்னைக்கு.
கடையாலுமூட்டுக்கு என்று மூன்றாவது வரி கிடையாது.
ஆனாலும் நான் எண்ணிக்கொள்வேன்:
கதவுக்கு நீலப் பெயிண்ட் வாங்கிய டீச்சர்
எங்கள் பஸ்ஸுக்கு ஒரு வைப்பர் வாங்கித் தந்தார்;
பூட்டு வாங்கிய பையன் ஒரு திருகாணி;
கோழிக்கூட்டுக்கு வலை வாங்கிப்போன தம்பதி
பின்சீட்டுக்கு ஒரு சாண் ரெக்சின்.
பணம் அப்படி நேராகப் போகாது, தெரியும்.
குழித்துறை ஆறே நேராகப் போகவில்லை.

இரவு எட்டே முக்காலுக்கு ஏறினால்
சோபனராஜ் அண்ணன் கேட்காமலே
மெஷினிலிருந்து ஒன்று கிழித்துத் தருவார்.
மகளிர். கட்டணம் பூஜ்யம்.
பூஜ்யத்தை அச்சடிக்கவும்
மெஷின் வேண்டும், தாள் வேண்டும்,
டீசல் வேண்டும், வளைவுகளில் பிரேக் வேண்டும்.
அந்தச் சீட்டை நான் கீழே போடுவதில்லை.
பில்லும் அதுவும் ஒரே வகைத் தாள்.
கையில் ரெண்டு நாள் இருந்தால் எழுத்து மங்கும்.

செவ்வாய்க்கிழமை மேல்புறம் வறுவேல் வந்தார்.
புது வீடு. ஆயிரம் லிட்டர் தொட்டி இரண்டு,
குழாய், வாஷ்பேசின், சின்னச் சாமான்.
நாற்பத்தோராயிரம்.
முதலாளி குரலைத் தாழ்த்தினார்:
"பில்லு வேணுமா, வேண்டாமா?"
வறுவேல் சிரித்தார்.
அந்தச் சிரிப்பின் விலை
ஏழாயிரத்து முந்நூற்று எண்பது.
என் கைகள் விசைப்பலகைக்கு மேலேயே நின்றன,
ஜெபம் முடிந்ததா இல்லையா என்று
தெரியாதவள் கைகள் மாதிரி.
முதலாளி அட்டைத் துண்டில் பென்சிலால் கூட்டினார்.

அன்று ராத்திரி நல்ல மழை.
பஸ் இருபத்தைந்து நிமிடம் தாமதம்.
வறுவேலும் நின்றார். ஸ்கூட்டர் வொர்க்ஷாப்பில் கிடக்கிறதாம்.
ஏறினோம். ஷட்டர் பாதியில் சிக்கி நின்றது.
கூரையில், நான்காவது கம்பிக்கு நேர் மேலே,
மூட்டு விட்டு ஒழுகியது
அவருடைய தோளில், மிகச் சரியாக.
நகர இடமில்லை.
"துட்டு துட்டா வாங்குதானுவள்லா,
எல்லாம் எங்க போவுது?
ஒரு ஓட்டய அடைக்க நாதி இல்ல."
ஆமா ஆமா என்றது பஸ்.
பத்து ரூபாய் கொடுத்தவர்
மீதி இரண்டு ரூபாய்க்காக
அருமனை வரை கையை நீட்டியபடியே வந்தார்.
விட்டுக்கொடுக்கவில்லை. அவர் மீது தப்பில்லை,
அது அவருடைய இரண்டு ரூபாய்.

எனக்கு வாயில் ஒரு கணக்கு இருந்தது.
மூவாயிரத்து அறுநூற்றுத் தொண்ணூறு, சென்னைப் பங்கு மட்டும்;
அதில் எத்தனை கூரைக்குத் தார் பூசலாம் என்று
அந்த நனைந்த தோளைப் பார்த்துச் சொல்லியிருக்கலாம்.
சொல்லவில்லை.
பயம் என்றுதான் முதலில் நினைத்தேன்.

பயமில்லை.
போன சித்திரையில் எங்கள் வீட்டுக்கு
அரை இஞ்சுக் குழாய் எட்டு, ஒரு பித்தளைக் குழாய்,
வாஷர், பசை எல்லாம் எடுத்தேன்.
மூவாயிரத்து இருநூறு.
"நம்ம பிள்ளைக்கு எதுக்கு பில்லு" என்றார் முதலாளி.
ஐந்நூற்று எழுபத்தாறு மிச்சம்.
அதில் தம்பிக்கு ஒரு ஜோடி செருப்பும்
எனக்கு ஒரு குடையும் வாங்கினேன்.
அந்தக் குடைதான் அன்று என் கையில் இருந்தது.

கடையாலுமூட்டில் இறங்கும்போது
சோபனராஜ் அண்ணன் விசிலை வாயில் வைத்தபடியே சொன்னார்,
"நாளைக்கி இந்த வண்டி வருமான்னு தெரியாது பிள்ளே.
டிப்போல கேக்கணும்."
சரி என்றேன். வேறென்ன சொல்வது.

வீட்டுக்குப் பின்னால் போய்
சேறான காலை நீட்டிக் குழாயைத் திறந்தேன்.
கழுவினேன். மூடினேன்.
இருட்டில் கொஞ்ச நேரம் நின்று பார்த்தேன்.
நல்ல குழாய்.
ஒரு சொட்டுக்கூட ஒழுகவில்லை.