காளை ஒன்று

சால்மியாவில் நான்காம் மாடி.
இரண்டு அறை, மூன்று பேர்,
ஒரே ஒரு கதவுக்குத்தான் உள்தாழ்ப்பாள்.
அது உன்னுடையது.

கதவுக்கு அடியில் விளக்கு வெளிச்சம்
ஒரு விரல் அகலம் வெளியே வரும்.
உன்னைப் பற்றி எனக்குக் கிடைக்கும் செய்தி
இப்போதெல்லாம் அவ்வளவுதான்:
விழித்திருக்கிறாய். தூங்கிவிட்டாய்.

எதிர் வீட்டு சிரியாப் பெண்களோடு
படிக்கட்டில் உட்கார்ந்து பேசுவாய்.
உலை கொதிப்பது போல அரபி.
நடுநடுவே சிரிப்பு.
குப்பைப் பையோடு நான் கதவைத் திறந்தால்
சிரிப்பு மட்டும் நிற்கும்,
பாஷை ஓடிக்கொண்டே இருக்கும்.
அதை நிறுத்தத் தேவையில்லை என்று
உனக்குத் தெரியும்.

"உம்மா" என்று நீ கூப்பிட்டு
ஒரு பெருநாள் போய்விட்டது.
"சோறு இருக்கா."
"சார்ஜர் எங்கே."
"சாவி எடுத்துக்கிட்டேன்."
பள்ளிக்கூடத்தில் எட்டாம் வேற்றுமை என்று
ஒன்று படித்த ஞாபகம்.
அது இல்லாமலும் ஒரு வீடு நடக்கும் என்று
எந்த டீச்சரும் சொல்லித் தரவில்லை.

அலமாரியில் பாக்கெட்டை எண்ணித்தான்
உன் மாதத்தை நான் அறிந்துவந்தேன்.
அதையும் கண்டுபிடித்துவிட்டாய்.
மார்ச்சிலிருந்து நீயே ஜம்இய்யாவில் வாங்கிப்
பள்ளிப் பைக்குள் வைத்துக்கொள்கிறாய்.

பிறகு என் மாதம் கணக்குத் தப்பியது.
பதினேழு நாள். தலை சுற்றி
அடுப்பு மேடையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.
உன் வாப்பாவுக்கு ஷுஐபாவில் இரட்டை ஷிஃப்ட்.
நீதான் வந்தாய்.

ஆஸ்பத்திரியில் மிஸ்ரி டாக்டரம்மா,
மூக்கு நுனியில் கண்ணாடி.
என் பத்தாக்காவைத் திருப்பிப் பார்த்துவிட்டு
உன்னிடம் ஏதோ கேட்டார்.
நீ சொன்னாய்:
"உம்மி."

அது என்னிடம் சொன்னதில்லை.
யாரோ ஒருத்தருக்கு
நான் யாரென்று காட்டச் சொன்னது.
இருந்தாலும் திரும்பினேன்,
சந்தைக் கூட்டத்தில் தன் பேர் கேட்டவள் போல.

அப்புறம் கேள்விகள்.
எத்தனை நாள். கட்டி கட்டியாகவா.
ராத்திரி எத்தனை முறை மாற்ற வேண்டியிருக்கிறது.
சுவரில் மாட்டியிருந்த கர்ப்பப்பைப் படத்தைப் பார்த்தபடி
நீ தமிழில் கேட்டாய்;
தரையைப் பார்த்தபடி நான் சொன்னேன்;
நீ அரபியில் ஒப்படைத்தாய்.
உன் வயசில் என் உம்மாவிடம்
நான் வாய் திறக்காத சங்கதிகள்.
சில இடங்களில் உனக்குத் தமிழ் கிடைக்கவில்லை.
"அது" என்றாய். "அங்கே" என்றாய்.
எனக்கும் அதற்கு மேல் தெரியாது, ஸபீஹா.

"பேபி எதுவும் போயிருக்கான்னு கேக்குறாங்க."

"ரெண்டு.
உனக்கு முந்தி ஒண்ணு. பிந்தி ஒண்ணு."

டாக்டரம்மாவின் பேனா காத்திருந்தது.
ஏசி சத்தம்.
நீ படத்தை விட்டு என்னைப் பார்த்தாய்.
பிந்தியது, உன் ஆறு வயசில்,
எனக்கு ஏன் ஜடை பின்னவில்லை என்று
நீ ஒரு வாரம் அழுதாயே, அப்போது.
நீ மனசுக்குள் வருஷத்தைக் கழித்துப் பார்ப்பது தெரிந்தது.
பிறகு அவர் பக்கம் திரும்பி
ஒரே சொல்லில் கொடுத்தாய்:
"இத்னேன்."

டாக்ஸியில் ஒன்றும் பேசவில்லை.
வெளியே தூசிக்காற்று,
கடற்கரைச் சாலையில் கடலைக் காணோம்.
வீடு வந்ததும் தாழ்ப்பாள் விழுந்தது,
வழக்கமான சத்தத்தோடு.

மருந்துப் பெட்டி மட்டும் அடுப்படியில் இருந்தது.
மேலே பச்சை ஸ்கெட்ச் பேனாவில்,
வெள்ளிக்கிழமைத் தமிழ் வகுப்பைப்
பாதியில் விட்டவளின் கையெழுத்து:

காளை ஒன்று. இறவு ஒன்று.
சாப்பிட்ட பிரகு.

நான் திருத்தவில்லை.
தினமும் விடிந்ததும், தோசை தின்றுவிட்டு,
ஒரு தம்ளர் தண்ணீரோடு
ஒரு காளையை விழுங்குகிறேன்.
கொம்பு கொஞ்சம்
இடிக்கத்தான் செய்கிறது.