சுழி

நாரின் நகரில் பனி. ஆறாம் வகுப்பின் கடைசி வரிசையில்
முழங்கால் மேசையில் இடிக்க உட்கார்ந்திருக்கிறேன்.
முப்பது விநாடிக்கு ஒரு கட்டம்.
கவனித்தால் ஒன்று. கவனிக்காவிட்டால் சுழி.
பாடம் பின்னம். ஆளுக்கொரு டேப்லெட்.
பெர்மெத் டீச்சர் என் பக்கம் பார்ப்பதில்லை;
பார்க்காமலிருக்க அவர் படும் பாடு தெரிகிறது.

பதினேழாம் நிமிடம் இணையம் போனது.
திரைதோறும் ஒரு வளையம்
ஆளுக்கோர் அளவில் நிரம்பி
அப்படியே நின்றுவிட்டது.
"என்னுது முக்கால்" என்றான் எர்மெக்.
"போடா, மூணுல ரெண்டுதான்."
மஃப்ளரிலிருந்து ஒரு நூலை உருவி
அவன் வளையத்தை அளந்தாள் சைகல்.
யாரோ எழுந்தார்கள். பிறகு எல்லோரும்.
சின்ன வளையம் ஜன்னலோரம், பெரியது கதவோரம்,
சுவரை ஒட்டி வரிசை.
ஐந்தில் மூன்றுக்கும் எட்டில் ஐந்துக்கும்
யார் முன்னால் என்று தள்ளுமுள்ளு.
டீச்சர் சாக்பீஸ் தேடிக்கொண்டிருந்தார்.

இருக்கையில் இல்லை: சுழி.
கருவி இயங்கவில்லை: சுழி.
விதி அப்படி.
விதிகளை எழுதியவள் நான்தான்,
பிஷ்கெக்கில், ஹீட்டர் பக்கத்தில்.

இருபத்தொன்பதாம் நிமிடம்
இணைப்பு திரும்பியது. வளையங்கள் மறைந்தன.
"ஐயோ" என்றான் எர்மெக்,
டேப்லெட்டைக் குலுக்கிப் பார்த்தான்.

எல்லோரும் இருக்கைக்குத் திரும்பினார்கள்.
ஒன்று, ஒன்று, ஒன்று என்று
எழுதிக்கொண்டே போனேன்.