கால் அங்குலம்

பஞ்சிகாவத்தையில்
ஓட்டோ சீட் தைக்கிறவன் நான்.
ரெக்சின், ஸ்பொஞ்ச், தடித்த ஊசி.
தையலுக்கு ஓர் அங்குலம் விட்டுத்தான் பழக்கம்.
ஏறி இருக்கிறவனின் பாரத்துக்குத்
துணி பதில் சொன்னால் போதும்.

கால் அங்குலம் என்கிறாள்
போன் திரையில் ஒரு செமினோல் பெண்.
முகம் தெரியாது. கைகள் மட்டும்.
பின்னால் கூரையில் மழை விழுகிற சத்தம்.
இந்த வடிவுக்கு அவர்களிடம் ஒரு பேர் உண்டாம்,
சொன்னாள், என் காதில் ஏறவில்லை.
பாதிப் பேச்சு விளங்காது,
ஆனால் அளவுகோல் எந்த நாட்டிலும்
ஒரே இடத்தில்தான் நிற்கிறது.

கெய்சர் வீதியில் கிலோக் கணக்கில் வாங்கிய துண்டுகள்:
ஒரு சிவப்பு, இரண்டு மஞ்சள்,
பள்ளிச் சீருடையில் மிஞ்சிய வெள்ளை,
யாரும் சட்டைக்கு எடுக்காத ஒரு பச்சை.
நீளப் பட்டைகளாய்க் கிழித்து
பக்கத்தோடு பக்கம் வைத்துத் தைத்தேன்.
நேராக வந்தது.
இருபத்தாறு வருடத்தில்
இவ்வளவு நேராக நான் எதையும் தைத்ததில்லை.

இப்போது வெட்டு என்றாள்.

நிறுத்தி, பின்னால் இழுத்து, திரும்பப் பார்த்தேன்.
வெட்டத்தான் சொல்கிறாள்.
குறுக்கே, இரண்டு விரல் அகலத்துக்கு ஒரு வெட்டு.
பிறகு ஒவ்வொரு துண்டையும்
ஒரு படி கீழே இறக்கி
மறுபடியும் தை.

கஸ்டமர் திட்டினால் பிரிப்போம், அது வேறு.
நன்றாக இருப்பதை நானாக வெட்டுவதா?
கத்தரிக்கோலை வைத்துவிட்டு
ஒரு பிளேன்டீ குடித்தேன்.
அதற்குப் பிறகு இன்னொன்று.

பக்கத்துக் கடை நவ்ஷாத்
கியர்பொக்ஸ் எண்ணெய்க் கையோடு எட்டிப் பார்த்தான்.
"இந்த வெயிலுக்கு
யாருக்குடா மச்சான் போர்வ?"
மேசைவிரிப்பு என்றேன்.
என் மேசையைப் பார்த்தான், பிறகு என்னை.
ஒன்றும் கேட்காமல் போய்விட்டான்.

வெட்டினேன்.

ஏழாவது துண்டு தலைகீழாகப் போய்விட்டது.
படிப்படியாக ஏறி வந்த சிவப்பு
அந்த இடத்தில் மட்டும்
பள்ளத்தில் விழுந்த சில்லுப்போல் துள்ளியது.
பிரிக்க ஊசியைக் குத்தின நேரம்
கரண்ட் போனது.

அவளுடைய ஆட்கள்
சதுப்பு நிலத்தில், கையால் சுற்றும் மெஷினில்
தொடங்கிய வேலையாம் இது.
இருட்டில் அதை நினைத்துக்கொண்டு
தையல்களை விரலால் எண்ணிக்கொண்டு இருந்தேன்.
வெளிச்சம் வந்தபோது
ஏழாவதைத் தாண்டித் தைத்துக்கொண்டு போனேன்.
பஞ்சியா, வேறெதுவுமா, தெரியாது.

செவ்வாயும் வெள்ளியும்
காலை ஆறிலிருந்து பத்து மட்டும்
ஜசிந்தாவின் இரத்தம் குழாயில் வெளியே போய்ச்
சுற்றி, அவளிடமே திரும்பி வரும்.
அந்த அறையில் ஏசி பதினெட்டில்.
ஆஸ்பத்திரிப் போர்வையை
மணந்து பார்த்துத் திருப்பிக் கொடுத்தவள் அவள்.
கலியாண வீட்டிலும் சோற்றை மணந்து பார்ப்பாள்.

மூன்று வரிசைதான் முடிந்திருந்தது.
முழங்காலிலிருந்து கணுக்கால் வரைக்கும் காணும்.
ஓரத்துக் கூர்களை வெட்டி நேராக்கி,
அடியில் ஒரு பழைய பெட்ஷீட் வைத்து
வெள்ளிக்கிழமை கொண்டுபோனேன்.

மணந்து பார்த்தாள்.
"ரெக்சின் வாசம் அடிக்குது" என்றாள்.
ஆனால் திருப்பித் தரவில்லை.

ஊசி ஏறாத கையால்
வரிசை வரிசையாகத் தடவி வந்தவள்
ஏழாவதில் நின்றாள்.
"இது பிழையா, டிசைனா?"

டிசைன்.

"அப்ப மற்ற ரெண்டு வரிசையில ஏன் இல்ல?"

மெஷின் ஒருமுறை கீச்சிட்டது.
நேர்ஸ் வந்து ஏதோ அழுத்திவிட்டுப் போனாள்.

இனித்தான் வரும் என்றேன்.